மணம் மூளையை எட்டும் வழி

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைக் கடக்கும்போதெல்லாம் கிள்ளானில் இருக்கும் என் பாட்டி நினைவுக்கு வருவார். 2021-இல் கோவிட் தொற்றியபின் மல்லிகை மணமே அவருக்குத் தெரியவில்லை. எரிவாயு கசிந்தாலும் அறியமாட்டாரே என்று அம்மா அஞ்சினார்.

மணத்தை நாம் எப்படி உணர்கிறோம்? மூக்கின் மேற்பகுதியில் உள்ள நரம்பணுக்களின் நுண்மயிர்களில் ஏற்பிகள் உள்ளன. மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை. இவற்றின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஏக்சல் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மண மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் ஒரு நொதி தூண்டப்பட்டு, சைக்ளிக் ஏஎம்பி எனும் தூதுப்பொருளை உருவாக்குகிறது. அது உயிரணுவின் வாயில்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே நுழைகின்றன. அந்தக் கால்சியம் வேறொரு வாயிலைத் திறந்து, எதிர்மின் கொண்ட குளோரைடை வெளியேற்றுகிறது. இதனால் மெல்லிய சமிக்ஞையும் பெருகி மூளையை எட்டுகிறது.

கோவிட் கிருமி பெரும்பாலும் இந்நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கும் துணையணுக்களையே தாக்கியது. மேலும், மண நரம்பணுக்கள் புதிதாக உருவாகக் கூடியவை. இதைப் பாட்டியிடம் சொன்னேன். தினமும் ஏலக்காயையும் கிராம்பையும் முகர்ந்து பழகினார். நான்காம் மாதம் தொலைபேசியில் அழைத்தார்:

“சாம்பிராணி வாசம் தெரியுதுய்யா!”