நாளைக்கும் போகணுமா?

கடந்த தீபாவளி முடிந்த வாரம் அது. இரவுச் சமையலில் இருந்தேன். கூடத்தில் என் ஒன்பது வயது மகள் பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மை கைப்பையைச் சோபாவில் வீசி, "சே! நாளைக்கும் போகணுமா?" என்றது. இன்னொரு பொம்மை எதையோ கேட்க, "அம்மா இப்பதானே வேலையிலிருந்து வந்தேன், கொஞ்சம் சும்மா இரு!" என்று சீறியது. குரல், பெருமூச்சு, எல்லாம் அப்படியே நான்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீடு கிள்ளானில். மேலாளர் பாராட்டுவதில்லை, சம்பள உயர்வு போதவில்லை. மதிய உணவு மேசையில் எங்கள் பேச்சே இதுதான். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு சுகமும் இருந்தது. யாராவது வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார்கள், அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

அந்த வார இறுதியில் பந்திங்கில் இருக்கும் அப்பாவிடம் பொம்மைக் கதையைச் சொன்னேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். "உங்களுக்கு வேலை பிடிச்சிருந்துச்சாப்பா?" என்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டேன். சிரித்தார்.

"கொசுக்கடியும் மழையும் யாருக்கும்மா பிடிக்கும்? கங்காணி ஏசாத நாளே இல்ல. ஆனா என் நெரையில மரத்துக்குக் காயம் படாம வெட்டுவேன். காயம் பட்டா புதுப்பட்டை ஒழுங்கா வராது. பட்டை வழவழன்னு வந்திருக்கிறதைப் பார்த்தா எனக்கே நல்லாருக்கும்."

வீட்டுக்குத் திரும்பியதும் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். எப்போது எரிச்சல் வந்தது, எப்போது நேரம் போனதே தெரியவில்லை என்று இரண்டு வாரம் எழுதினேன். எனக்கே வியப்பு. கணக்கில் பத்துக் காசு உதைத்தால், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எரிச்சலில் பெரும்பகுதி கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலிலும், இரவு ஒன்பதுக்கு மேல் வரும் வாட்ஸ்அப் குழுச் செய்திகளிலும் இருந்தது. மதியப் புலம்பலுக்குப் பிறகு பிற்பகல் முழுவதும் கசந்துபோனதும் தெரிந்தது. மேலாளர் அந்த நோட்டில் இரண்டே இடத்தில்தான் வந்திருந்தார்.

வாட்ஸ்அப்பை இரவில் மௌனமாக்கி, அவசரமென்றால் தொலைபேசியில் அழையுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதுவரை அழைத்தது இரண்டு முறை. மதியம் சாப்பிட்டவுடன் எழுந்து கொஞ்சம் நடக்கிறேன். "பெரிய ஆளாயிட்டே" என்று மேசையில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

சாலைக்குத்தான் துணிச்சல் தேவைப்பட்டது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது பலருக்குத் தெரியும். வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

காலை ஏழரைக்கு வேலையைத் தொடங்கவும், வாரத்தில் ஒருநாள் வீட்டிலிருந்து வேலை செய்யவும் கேட்டு எழுதினேன். கடிதத்தைப் படித்த மேலாளர், "கிள்ளானிலிருந்தா தினமும் வருகிறீர்கள்?" என்றார். பதினோரு ஆண்டுகளில் நான் சொன்னதே இல்லை! ஏழரை கிடைத்தது. ஆவணங்களை வெளியே கொண்டுபோக முடியாது என்று வீட்டு நாள் மறுக்கப்பட்டது. ஒருநாள் வருத்தம் இருந்தது.

எல்லாப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சம்பளத்தைப் பிடித்து வைப்பவர்களிடமும் மிரட்டுபவர்களிடமும் நோட்டுப் புத்தகம் எடுபடாது. தொழிலாளர் இலாகாவின் படியேற வேண்டியதுதான். என்னைப் பார்த்து ஒரு தோழியும் எழுதத் தொடங்கினாள். ஒரு மாதமாகியும் பிடித்தது என்று எழுத அவளுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. வேறு வேலையை உறுதி செய்துகொண்டு விலகிவிட்டாள். அவள் செய்தது சரி.

எனக்குப் பாராட்டு இன்னும் வரவில்லை. சம்பளமும் அதேதான். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும். அந்த நாட்களை நாட்காட்டியில் மகளே வட்டமிட்டு வைக்கிறாள். மற்ற நாட்களில் ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன்.

பொம்மை இப்போதும் வேலைக்குப் போய்வருகிறது. போன வாரம் அது சோபாவுக்கு அடியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தது. என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"பத்துக் காசு உதைக்குதும்மா" என்றாள் மகள்.