எலெக்ட்ரிக் கிடாரைக் கழற்றி வைத்த ராக் ஹீரோ... ஒரு லைவ் ஆல்பம், 50 வருடப் பஞ்சாயத்து!

ராக் குழுவின் லைவ் ஆல்பம் என்றால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. கூட்டத்தின் கூச்சல், இடி மாதிரி டிரம்ஸ், காதைக் கிழிக்கும் கிடார். 1972-ல் ஜப்பானில் பதிவான டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்', 1975-ல் வந்த கிஸ் குழுவின் 'அலைவ்' எல்லாம் இந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்கிவிடும்.

அதே 1975. ஜூலை 5-ம் தேதி. அமெரிக்காவின் லாங் ஐலேண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி பதிவாகிறது. கிடார் வாசிப்பவர், அன்றைக்கு உலகத்திலேயே அதிவேகமாக, அதிக சத்தமாக வாசிப்பவர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் மேடையில் டிரம்ஸ் இல்லை. பேஸ் கிடார் இல்லை. கீபோர்டு இல்லை. அவர் மடியில் இருந்தது எலெக்ட்ரிக் கிடாரும் இல்லை, மரக் கிடார். பக்கத்தில் வயலின், தபலா, மிருதங்கம், கடம்!

'சக்தி வித் ஜான் மெக்லாக்லின்' என்ற பெயரில் வந்த அந்த ஆல்பத்தில் மூன்றே மூன்று உருப்படிகள். மொத்தம் 52 நிமிடம். இதற்கு ஏன் இத்தனை வருடமாக ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க, செல்லூரில் எனக்குத் தெரிந்த மூன்று பேரைக் கேட்க வைத்தேன். ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிக்கும் ஒரு அண்ணன், விசைத்தறி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, மதுரை வானொலியில் கச்சேரி கேட்டே வளர்ந்த ஒரு ஐயா, ரீல்ஸில் சக்தி குழுவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கல்லூரி மாணவி. மூன்று பேரும் மூன்று கட்சி.

கிடார் அண்ணனின் கோபம்

அண்ணனுக்கு மெக்லாக்லின் என்றால் உயிர். ஆனால் அவருடைய மெக்லாக்லின் வேறு ஆள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942-ல் பிறந்து, அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் வாசித்து, 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். பெயரைப் பார்த்துப் பஜனைக் குழு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜாஸும் ராக்கும் மோதிக்கொண்ட புயல். இரட்டைக் கழுத்து கிப்சன் கிடாரை மாட்டிக்கொண்டு, ஹார்டு ராக் குழுக்களையே ஓரம் கட்டுகிற சத்தத்தில் வாசிப்பார். 1973-ல் வந்த அவர்களின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 15-வது இடம் வரை போனது. வார்த்தையே இல்லாத இசைக்கு அது எவ்வளவு பெரிய உயரம் என்று யோசித்துப் பாருங்கள். அதே வருடம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததும் லைவ் ஆல்பமாக வந்தது.

அந்த உச்சியில் நிற்கிற மனிதர் இரண்டே வருடத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் அண்ணனின் குறை. சக்தி ஆல்பத்தில் கிடாரின் வேகம் குறையவில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஸ்வரம் இழுபட்டு அழுகிற அந்த எலெக்ட்ரிக் ஒலி இல்லை, ரிஃப் இல்லை, கார்டு மாறுகிற திருப்பம் இல்லை. முதல் உருப்படியான 'ஜாய்' 18 நிமிடம் ஓடுகிறது. அதில் வயலினும் கிடாரும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து பறக்கிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மீதி நேரம் போனை மேஜையில் வைத்துவிட்டார்.

இந்தக் கோபத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. அன்றைய அமெரிக்க ராக் ரசிகர்களில் பலருக்கும் இதே ஏமாற்றம். ரெக்கார்டு கம்பெனிக்கும் இந்தத் திருப்பம் ரசிக்கவில்லை என்று மெக்லாக்லினே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சக்தி அந்தக் காலத்தில் போட்டது மூன்றே ஆல்பங்கள். 1977-ல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' உடன் அந்த அத்தியாயம் முடிந்தது. சம்பாதித்து வைத்திருந்த கூட்டத்தில் பாதியைத் தெரிந்தே இழந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐயா கேட்ட முதல் கேள்வி

வானொலி ஐயா முதலில் கேட்டது, இதில் பாட்டு எங்கே என்றுதான். சாகித்யம் இல்லை. கர்நாடக வயலினோடும் கடத்தோடும் தபலா என்ன செய்கிறது? ஆலாபனை மாதிரி தொடங்குகிறது, ஆனால் கீர்த்தனையில் போய் நிற்பதில்லை. 'நல்லா வாசிக்கிறாங்க' என்பதற்கு மேல் அரை மணி நேரம் அவரிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

மேடையில் இருந்தவர்கள் யார் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயலின் எல்.ஷங்கர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், எல்.சுப்ரமணியத்தின் தம்பி. மிருதங்கம் ராம்நாட் ராகவன். ஊரைப் பெயரே சொல்லிவிடுகிறது. தபலா, அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன். கடம், விக்கு விநாயக்ராம். 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியபோது பின்னால் கடம் வாசித்த அதே விநாயக்ராம்.

மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தக் கச்சேரிக்கு முன்பு மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் எஸ்.ராமநாதன். நம்ம ஊர் சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்தவரேதான். ஷங்கரும் ராகவனும் அதே வெஸ்லியன் வட்டாரத்து ஆட்கள். ஆக, மகாவிஷ்ணு ரசிகர்கள் 'எங்கள் கிடாரைக் கெடுத்தது யார்' என்று விரலை நீட்டினால், அது கொஞ்சம் நம் பக்கமும் நீளும்!

வீணை கற்றதன் பலன் கிடாரிலேயே தெரிந்தது. வீணையில் மெட்டுகளுக்கு நடுவே தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். சாதாரண கிடாரில் விரல் மரப்பலகையில் இடித்து நின்றுவிடும். சக்திக்காக மெக்லாக்லின் செய்துகொண்ட கிடாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் சுரண்டிவிட்டார்கள்; தந்தியை அழுத்தியும் இழுத்தும் ஸ்வரத்தை அசைக்கலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே, தம்புரா போல ஒத்து ஊத ஏழு தந்திகள். செய்தவர் கிப்சன் நிறுவனத்தில் இருந்த ஏப்ரகாம் வெக்டர். வேடிக்கை என்னவென்றால், மெட்டு இடைவெளியைச் சுரண்டும் இதே வித்தையை டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோரும் தன் எலெக்ட்ரிக் கிடாரில் செய்திருந்தார். ஹார்டு ராக்கும் வீணையும் இவ்வளவு பக்கத்து வீடா என்று கிடார் அண்ணனே கொஞ்சம் இறங்கி வந்தார்.

அந்த 29 நிமிடம்

பஞ்சாயத்தின் மையம் மூன்றாவது உருப்படி. அதன் தலைப்பே ஒரு பத்தி நீளம். 'எனக்கு எதற்கு இது, எதற்கு அது, இறைவனின் காலடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம்' என்கிற மாதிரி போகும். நீளம் 29 நிமிடம். எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க இதுதான்.

அண்ணனுக்கு இது இழுவை. மாணவியோ பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் பஸ்ஸில் மீதியைக் கேட்டதாகச் சொன்னார். ஐயா மட்டும் ஒரே மூச்சில் கேட்டார். அவர் கேட்டது கிடாரை அல்ல, கடத்தை.

கச்சேரியில் கடத்துக்கு என்ன இடம் என்று போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி வர வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்போது சில நிமிடம் வெளிச்சம். நேரமில்லை என்றால் அதுவும் கட். இந்த ஆல்பத்தில் அப்படி வரிசை கிடையாது. கிடாரும் வயலினும் பேசிக்கொள்கிற அதே உரிமையோடு தபலாவும் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்கின்றன. முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்பவரால் சொல்ல முடியாது. மானாமதுரையில் கடம் சுடுவதைச் சின்ன வயதில் பார்த்தவர் ஐயா. நம்ம பக்கத்து மண்பானை அமெரிக்கக் கல்லூரி மேடையில் மைக் முன்னால் தைரியமாக நிற்கிறது என்பதிலேயே அவருக்குப் பாதி திருப்தி. (அந்த மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.)

என்னைக் கேட்டால், சண்டையே இங்கேதான் இருக்கிறது. ராக் ரசிகர் இதைக் கிடார் ஹீரோவின் ஆல்பமாகக் கேட்கிறார். ஹீரோ போதிய நேரம் திரையில் இல்லை. கச்சேரி ரசிகர் மெயின் ஆர்ட்டிஸ்ட் யார் என்று தேடுகிறார், அவரும் கிடைக்கவில்லை. அட்டையில் குழுவின் பெயர் முதலில், மெக்லாக்லின் பெயர் பின்னால் என்று அச்சடித்ததைக் கடைக்காரர்கூடக் கவனித்திருப்பாரா தெரியாது. ஆனால் உள்ளே வாசித்தவர்கள் அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள். 29 நிமிடம் இழுவை என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 18 நிமிட 'ஜாய்' சில இடங்களில் வேகத்துக்காகவே வேகம் காட்டுகிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பதிவு முக்கியம். ராம்நாட் ராகவன் சக்தியோடு வாசித்த ஒரே ஆல்பம் இது. அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லை. பிறகு 1978-ல் தொடங்கிய கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஸ்டூடியோவில் தேய்த்துப் பளபளப்பாக்கிய அடுத்த இரண்டு ஆல்பங்களே மேல் என்று வாதாடும் ரசிகர்கள் உண்டு. அந்த ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்ததைக் கேட்க வேண்டும் என்றால் அவர்களும் இங்கேதான் வர வேண்டும்.

மாணவியின் கட்சி

மாணவிக்கு இந்தப் பழைய சண்டை எதுவும் தெரியாது. 2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' கிராமி வாங்கிய செய்தியில் சங்கர் மகாதேவனைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி நடந்தவர். அவருக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் 'லோட்டஸ் ஃபீட்'. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு; தாலாட்டு மாதிரி நகரும். லைவ் ஆல்பத்தில் இவ்வளவு அமைதி இருக்கலாமா என்று ஆச்சரியப்பட்டார்.

அவர் ஓட்டு மட்டும் வேறு லைவ் ஆல்பத்துக்கு. 2000 டிசம்பரில் மும்பையில் பதிவாகி 2001-ல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. குழு 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபிறவி எடுத்திருந்த காலம். மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன், சிவமணி என்று மேடை நிறைந்திருக்கும். மெக்லாக்லின் மறுபடி எலெக்ட்ரிக் கிடாருக்கு வந்துவிட்டார். (செல்வகணேஷைச் செல்லூரில் வேறு மாதிரி அறிமுகப்படுத்த வேண்டும்: 'வெண்ணிலா கபடி குழு' படத்தின் இசையமைப்பாளர். கபடி ஊரில் அந்த ஒரு வரி போதும்.)

கிடார் அண்ணன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. விருந்தாளிகள் கூட்டம் அதிகம், கிடாரின் ஒலி ரொம்ப வழவழப்பு, 1975-ல் நரம்பு அறுபடுகிற மாதிரி இருந்த முறுக்கு இதில் இல்லை என்கிறார். அதாவது, போன வாரம் வரை அவர் குறை சொன்ன ஆல்பம் இப்போது அவருக்கு உரைகல்லாகிவிட்டது! அவரைப் போலவே, பழைய மரக் கிடாரே மேல் என்று இரண்டாவது சக்தியைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

ஸ்ரீநிவாஸ் 2014-லும், ஜாகிர் உசேன் 2024 டிசம்பரிலும் மறைந்துவிட்டார்கள். கேட்க விரும்புகிறவர்கள் 'லோட்டஸ் ஃபீட்'டில் தொடங்கி, 'ஜாய்' போய், 29 நிமிடத்தைக் கடைசியில் வையுங்கள். போன் ஸ்பீக்கரில் கடம் கரைந்துவிடும், ஹெட்போன் அவசியம். ஐயாவுக்கு அவர் பேத்தியின் ஹெட்போனை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, ஷங்கர் எடுத்துக்கொண்ட ராகம் எது என்று கிடார் அண்ணனோடு இப்போது தனிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.