பென்சில் கரியும் ராமன் கண்ட ஒளியும்

கணக்கு எழுதும் குமாஸ்தாவின் பென்சிலிலும், மின் மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ்ஷிலும் இருப்பது கிராஃபைட். பென்சிலில் இருப்பது ஈயம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது களிமண் கலந்த கிராஃபைட்தான். நமது சிவகங்கைச் சீமையில் இதற்குச் சுரங்கமே உண்டு.

கரியின் ஒரு வடிவமான கிராஃபைட், சீட்டுக்கட்டுப் போல அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வோர் அடுக்கின் கனமும் ஓர் அணுதான். அடுக்குக்குள் பிணைப்பு மிகப் பலம். அடுக்குகளுக்கு இடையில் பலவீனம். அடுக்குகள் வழுக்கி உதிர்வதால்தான் தாளில் கோடு விழுகிறது.

மஞ்சளான கரி

1859-ல் ஆக்ஸ்போர்டு இரசாயனப் பேராசிரியர் பென்ஜமின் பிராடி, கிராஃபைட்டைப் பொட்டாசியம் குளோரேட்டுடனும் புகையும் நைட்ரிக் அமிலத்துடனும் சேர்த்து நாட்கணக்கில் சூட்டில் வைத்தார். கழுவி உலர்த்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் கிடைத்தது வெளிர் மஞ்சள் நிறப் பொருள்! அதைப் பகுத்து, கிராஃபைட்டின் அணு எடை 33 என்று அவர் முடிவு கட்டினார். கரியின் அணு எடையோ 12. அவரிடம் தராசு இருந்தது. பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் கருவி அன்று இல்லை.

குளோரேட் முறையில் வெடிவிபத்து அபாயம் உண்டு. 1958-ல் அமெரிக்காவில் ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்ற இருவர், கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் இதே வேலையை முடிக்க வழி கண்டனர். இதிலும் சூடு கட்டு மீறினால் வெடிக்கும். ஆகவே பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்து, பெர்மாங்கனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள்.

ஆக்ஸிஜன் செய்யும் வேலை

அடுக்குகளின் மேலும் ஓரங்களிலும் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்கிறது. அடுக்குகள் விலகுகின்றன, இடையே தண்ணீர் நுழைகிறது. மின்சாரத்தைக் கடத்திய பொருள் கடத்தாததாகிறது. ஆக்ஸிஜனை நீக்கினால் மறுபடி கறுத்து, ஓரளவு மின்சாரம் கடத்தும். ஆனால் அடுக்கில் ஏற்பட்ட ஓட்டைகளும் தழும்புகளும் முழுவதும் ஆறுவதில்லை.

2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு டேப்பால் கிராஃபைட்டை உரித்து, ஓரணு கனமுள்ள அடுக்கைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராஃபீன். 2010-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு கிராஃபீன் என்ற பெயரில் கறுப்புப் பொடி விற்பனை பெருகியது. சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை! மீதி பெரும்பாலும் நுண்ணிய கிராஃபைட் துகள்தான். கிராஃபீன் விலை கொடுத்தவர்கள் கிராஃபைட்டை வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

கண்ணுக்கு எல்லாப் பொடியும் ஒன்றே. எக்ஸ்ரே பாய்ச்சினால் அடுக்கு இடைவெளி தெரியும். கிராஃபைட்டில் அது 3.35 ஆங்ஸ்ட்ராம், ஆக்ஸிஜன் ஏறியதில் ஏறக்குறைய 7 அல்லது அதற்கும் மேல். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். சூடாக்கினால், சுமார் 200 டிகிரியில் ஆக்ஸிஜன் வாயுக்களாக வெளியேறி எடை குறையும்.

மற்றொரு சோதனைக்கு ராமன் சோதனை என்று பெயர். லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை அளக்கிறார்கள். கிராஃபைட்டுக்கு வரைபடத்தில் 1580 என்ற எண்ணருகே சிகரம் எழும். அடுக்கில் ஊனம் இருந்தால் 1350 அருகே இன்னொன்று ஓங்கும். ஆனால் இது ஆக்ஸிஜனின் அளவைச் சொல்லாது. ஆகவே ஒரு சோதனையோடு நின்றுவிட முடியாது.

திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், 1907 முதல் பத்தாண்டுகள், பெரும்பாலும் கல்கத்தாவில், கணக்குத் துறை உத்தியோகம் பார்த்தவர். ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்தார். பிறகு பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ல், கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன், அதே கூடத்தில் ஒளிச்சிதறலின் புதிய இரகசியத்தைக் கண்டார். ஊர்விட்டு ஊர் போய் உத்தியோகம் பார்த்த அந்தத் தமிழரின் பெயரைத்தான் இன்று கரிப்பொடியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் தினமும் சொல்கின்றன.

கிராஃபீன் என்று பொடி வாங்குவோர், பணம் கட்டுமுன் கேட்டு வாங்க வேண்டியது அந்தச் சோதனைத் தாள்களைத்தான்.