ஏரியில் தண்ணீர் எவ்வளவு? மேலிருந்து பார்க்கலாம்

2019 ஜூனில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, புழல் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் இரண்டு உலகம் முழுக்கச் சுற்றின. முந்தைய ஆண்டுப் படத்தில் நீர்ப்பரப்பு. அடுத்ததில் காய்ந்த தரை. இத்தகைய படத்தை உங்கள் ஊர் ஏரிக்கும் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். காசு செலவில்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில் நம் தலைக்கு மேல் போகின்றன. கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் ஊரைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும். படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட் நிலம். மதகு தெரியாது, ஏரிக்கரையின் வளைவும் தண்ணீர் நிற்கும் எல்லையும் நன்றாகவே தெரியும்.

சாதாரண வண்ணத்தில் பார்த்தால் கலங்கிய நீரும் ஈர மண்ணும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துக் காட்டும் 'ஃபால்ஸ் கலர்' வகைக்கு மாற்றுங்கள். அந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், பச்சை இலை திருப்பி அனுப்பும். அதனால் தெளிந்த நீர் கறுப்பாகவும், வண்டல் கலந்த புதுவெள்ளம் நீலமாகவும், பயிர் பளிச்சென்ற சிவப்பாகவும் வரும். கறுப்பின் நடுவே சிவப்புத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் ஆகாயத்தாமரை. நீரை மூடிக்கொண்டு அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அடுத்தடுத்த தேதிப் படங்களே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இதைவிடப் பயனுள்ள காட்சி வேறில்லை.

ஆனால் ஆழம் தெரியாது. பரந்து கிடக்கும் நீர் முழங்கால் அளவாகவும் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நாம் அதிகம் பார்க்க விரும்பும் நாட்களில், மேகம் மறைத்துவிடும். அப்போது ரேடார் கொண்ட சென்டினல்-1 படங்கள் உதவும். அவை மேகத்தை ஊடுருவும்.

பழைய நிலவரம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் லேண்ட்சாட். அதன் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். உங்கள் ஏரியின் நீர் எல்லை அன்று எங்கே இருந்தது, இன்று எங்கே நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். குறுகியிருந்தால் இரண்டு படங்களையும் அச்செடுத்து அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.