மேளம் அடங்கும் ஒரு நாள்

சாரணர் படையில் சேர்ந்திருக்கும் பையன் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறான். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணிச் சின்னம். “அம்மா, நாளைக்கு அணிவகுப்பு. இதைச் சட்டையில் தைத்துக் கொடு!” என்கிறான். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. “இந்தத் துண்டுத் துணிக்கு இத்தனை அவசரமா?” என்று அலுத்துக் கொள்கிறீர்கள். நேயர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் திருவண்ணாமலை வரை போய் வருவோமா?

கார்த்திகை தீபத்தை ஒட்டி அங்கே பத்து நாள் உற்சவம். கொடியேற்றத்துடன் ஆரம்பம். மாட வீதிகளில் அண்ணாமலையார் பவனி வரும்போது மேலே குடை, பக்கத்தில் சாமரம், முன்னால் நாகஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. கொடி, குடை, சாமரம், முரசு எல்லாம் அரசர்களுக்கு உரிய சின்னங்கள். ‘விருது’ என்றால் இன்று நமக்குப் பரிசுதான் நினைவுக்கு வருகிறது. முன்னாளில் அந்தச் சொல் கொடிக்கும் அடையாளச் சின்னத்துக்கும் வழங்கியது.

ஆனால் இந்தச் சிறப்புகளின் பொருள் முழுவதும் புரிய வேண்டுமானால், தைப்பூசத்தன்று போக வேண்டும். அன்று அண்ணாமலையார் ஈசான்ய தீர்த்தத்துக்கு மேளதாளத்துடன் எழுந்தருளுகிறார். தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் ஒரு செய்தி வருகிறது: “வல்லாள மகாராஜா போர்க்களத்தில் மாண்டு போனார்!” அவ்வளவுதான். மேளம் அடங்கி விடுகிறது. வாத்திய முழக்கம் இன்றிச் சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். சர்வலோக நாயகனுக்கே துக்கம்!

யார் இந்த மகாராஜா? ஹொய்சள வம்சத்து மூன்றாம் வீர வல்லாளன். சளன் என்ற இளைஞன் கொடிய விலங்கோடு பொருதும் உருவம் அந்த வம்சத்தின் சின்னம். பேலூரிலும் ஹளேபீடிலும் கல்லில் இன்றும் அதைக் காணலாம். டில்லிப் படையெடுப்பால் துவாரசமுத்திரம் சீர்குலைந்த பின், வல்லாளன் திருவண்ணாமலையையே தலைநகராக்கிக் கொண்டான். 1342-ஆம் ஆண்டையொட்டி மதுரை சுல்தானுடன் நடந்த யுத்தத்தில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு எண்பது பிராயம் என்று யாத்ரிகர் இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

சரித்திரம் அவனுக்கு ஒரு மகன் இருந்ததாகச் சொல்கிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமோ அவனைப் பிள்ளையில்லாதவன் என்கிறது. இறைவனே குழந்தையாக வந்து அவன் குறையைத் தீர்த்தாராம். அதனால்தான் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் நின்று அந்த அரசனுக்குத் திதி கொடுக்கிறார். ராஜ்யம் போயிற்று, வம்சமும் போயிற்று. அந்தக் கடன் மட்டும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது.

பட்டாளத்திலும் இதே வழக்கம்தான். தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் லெப்டினென்ட், மூன்று இருந்தால் காப்டன். மேஜரின் தோளில் முன்பு கிரீடம் இருந்தது. 1950-இல் நாடு குடியரசானதும் அந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்து அமர்ந்தன. ஆனால் ஒரு வீரனை வழியனுப்பும் நேரத்தில் இந்த மிடுக்கெல்லாம் தலை தாழ்கிறது. துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நிற்கிறார்கள். ஓசையிட வேண்டியது அங்கே மௌனமாகி விடுகிறது.

நமது தேசத்தின் மிக உயர்ந்த யுத்தகாலப் பதக்கமாகிய பரம வீர சக்கரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அது தங்கமில்லை, வெள்ளியுமில்லை, வெறும் வெண்கலம். நடுவில் அசோகச் சிங்கம், சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள், ஊதா நிற நாடா. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஒரு பெண்மணி! ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து, விக்ரம் கானோல்கர் என்ற இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, நம் புராணங்களில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர். உலக நன்மைக்காகத் ததீசி முனிவர் உயிரை விட்டு எலும்பைக் கொடுக்க, அதிலிருந்து பிறந்ததல்லவா வஜ்ராயுதம்? அதையே அவர் சின்னமாக்கினார்.

முதன்முதலில் அந்தப் பதக்கம் மேஜர் சோம்நாத் சர்மாவுக்குக் கிடைத்தது. 1947 நவம்பர் 3-ஆம் தேதி காஷ்மீரத்தில் பத்காம் என்ற இடத்தில் உயிர் நீத்த வீரர். அவர் வேறு யாருமல்ல. சாவித்திரியின் மூத்த மாப்பிள்ளைக்கு அண்ணன். தாம் வரைந்த சின்னம் முதலில் சம்பந்தி வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்ததைக் கண்டு அந்த அம்மாளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இதுவரை அந்தப் பதக்கம் பெற்றவர் 21 பேர். அவர்களில் 14 பேர் அதைக் கண்ணால் காணவில்லை. வீட்டில் இருப்பவர்கள்தாம் பெற்றுக் கொண்டார்கள்.

சகோதரிகளே, சின்னம் என்பது அணிகிறவனுக்கு அலங்காரம் மட்டுமல்ல. அது ஒரு கடன் பத்திரம். அதில் முக்கால்வாசிக் கையெழுத்து வீட்டுப் பெண்களுடையது. ஆகவே குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஊசியை எடுங்கள். பையனின் சின்னத்தைக் கோணாமல் தைத்துக் கொடுங்கள். தைக்கும் போது வல்லாளனின் கதையையும் அவன் காதில் போட்டு வையுங்கள்.