ஜிலேபிக் கெண்டை உணர்த்தும் பாடம்

நம் ஊர்க் குளங்களில் நாம் ஜிலேபிக் கெண்டை என்றழைக்கும் மீன் நம் மண்ணுக்குரியதன்று. சாம்பெசி முதலான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளே அதன் தாயகம். உணவுப் பெருக்கத்தை நாடி 1952ஆம் ஆண்டில் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பலமுறை இனம்பெருக்குவதாலும், உவர்நீரையும் தாங்குவதாலும் குளம் முதல் கழிமுகம் வரை அது பல்கியது. இடத்துக்கும் இரைக்கும் எழுந்த போட்டியில் பல நீர்நிலைகளில் நாட்டு மீன்கள் நலிந்தன.

ஆயினும் மீனைப் பழிப்பது முறையன்று. அதன் தாயகத்திலேயே, மனிதர் கொண்டுசேர்த்த நைல் திலாப்பியாவுடன் இனக்கலப்புற்று, அதுவே இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகிவிட்டது. எனவே குற்றம் அவ்வுயிரிடத்தில் இல்லை. இடம் மாற்றிய மனிதக் கையில் உள்ளது. வல்ல இறைவன் ஒவ்வொரு நீர்நிலைக்கும் வகுத்தளித்த சமநிலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வளர்ப்பு மீனை ஆற்றில் விடுமுன் இதனை நாம் நினைவிற் கொள்வோமாக!