கடை இருக்கு... முகவரி எங்கே?

குட்டீஸ், ஒரு பொம்மைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை திறந்திருக்கிறது. உள்ளே விதவிதமான பொம்மைகள். ஆனால், கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. வியாபாரம் நடக்குமா?

இன்டர்நெட்டில் இப்படி நிஜமாகவே நடப்பது உண்டு! பெரிய நிறுவனமான மைக்ரோசாஃப்டுக்கே ஒருமுறை இந்த நிலைமை வந்தது. எப்படி என்று பார்ப்போமா?

எண்தான் முகவரி!

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். 203.0.113.10 என்பதுபோல இருக்கும் அந்த எண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். நமக்கோ எண்கள் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும்.

ஆரம்பத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பராமரித்தார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, பட்டியலைத் திருத்தி மாளவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு புது வழியை உருவாக்கினார். அதுதான் 'டொமைன் நேம் சிஸ்டம்', சுருக்கமாக டி.என்.எஸ்.! ஒரே பெரிய பட்டியல் வேண்டாம். அவரவர் முகவரியை அவரவர் பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

யாரைக் கேட்பது?

நம் பொம்மைக் கடையின் வெப்சைட் பெயர் '.காம்' என்று முடிகிறது. அந்தப் பெயரை நீங்கள் டைப் செய்ததும், உங்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் விசாரிக்கக் கிளம்பும். முதலில் 'ரூட் சர்வர்' என்ற தலைமை இடத்தைக் கேட்கும். அது, "'.காம்' பெயர்களைக் கவனிப்பவரைக் கேள்" என்று கைகாட்டும். அவர், "கடையின் நேம் சர்வரைக் கேள்" என்பார். அந்த நேம் சர்வர்தான் சரியான எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்!

நேம் சர்வரில் பல குறிப்புகள் இருக்கும். 'ஏ' என்ற குறிப்பு வெப்சைட்டின் எண்ணைச் சொல்லும். 'எம்.எக்ஸ்.' என்ற குறிப்பு, கடைக்கு வரும் இ-மெயில் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும். பதிலை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கும். 3600 என்று இருந்தால், 3600 விநாடி. அதாவது 1 மணி நேரம்.

கடையிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால், அது ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. கடையில் கரன்ட் போனால் நேம் சர்வரும் நின்றுவிடும். வெப்சைட் வேறு ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வழி சொல்ல ஆள் இருக்காது. ஏற்கெனவே வந்துபோனவர்களுக்குக் கூட, ஞாபகம் வைத்திருக்கும் நேரம் முடிந்ததும் வழி தெரியாது.

அதனால்தான் ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது 2 நேம் சர்வர்கள் வேண்டும் என்று 1987-ல் வெளியான டி.என்.எஸ். விதி சொல்கிறது. அவற்றை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நெட்வொர்க்குகளில் வைக்க வேண்டும் என்று 1997-ல் நிபுணர்கள் அறிவுரை சொன்னார்கள்.

நாலு இருந்தும் போதவில்லை!

மைக்ரோசாஃப்டிடம் 4 நேம் சர்வர்கள் இருந்தன. ஆனால், நாலும் ஒரே நெட்வொர்க்கில்! 2001 ஜனவரி 23-ந்தேதி, அந்த நெட்வொர்க்கின் ரவுட்டர்களில் ஊழியர் ஒருவர் செய்த மாற்றம் தவறாகிப் போனது. நாலு நேம் சர்வர்களையும் வெளியிலிருந்து யாராலும் சரியாக அணுக முடியவில்லை. வெப்சைட்டுகளுக்கு எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும், ஏராளமானவர்களால் சுமார் 22 மணி நேரம் அவற்றைப் பார்க்க முடியவில்லை. அதன்பிறகு, வேறொரு நிறுவனத்தின் நேம் சர்வர்களையும் மைக்ரோசாஃப்ட் துணைக்குச் சேர்த்துக்கொண்டது.

சின்னக் கடைக்காரரும் இதையே செய்யலாம். ஒரு நேம் சர்வரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வேறு ஊரில் உள்ள நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். முதல் பட்டியலில் ஒன்றைத் திருத்தினால், இரண்டாவது தானாகவே அதை நகல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: பொம்மைக் கடைக்காரர் ஒரு நேம் சர்வரைக் கடையிலும், இன்னொன்றைக் கடை மாடியிலும் வைத்துவிட்டு, "எனக்குக் கவலையில்லை" என்கிறார். அவர் சொல்வது சரியா? காரணத்தோடு உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்!